61 பேர் இறந்த மவுலிவாக்கம், ஒருவரும் இறக்காத திருவொற்றியூர்: கட்டடங்கள் ஏன் இடிகின்றன? புதுக்கோட்டைக்கு என்ன பாடம்?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழைக்கு நடுவே அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள்.

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை காலை. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு தரைமட்டமானது. ஒருவர்கூட இறக்கவில்லை.

இரண்டுமே காங்கிரீட் கட்டடங்கள்தான். இரண்டுமே சில நொடிகளில் விழுந்தவைதான். பிறகு ஏன் ஓரிடத்தில் 61 பேர், இன்னோர் இடத்தில் பூஜ்ஜியம்? திருவொற்றியூரில் குடியிருந்தவர்கள் சுவரில் விரிசலைப் பார்த்தார்கள். பார்த்ததை அலட்சியம் செய்யாமல் வெளியே வந்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

இதெல்லாம் சென்னைக் கதை, நம்ம ஊருக்கு என்ன என்று புதுக்கோட்டையில் இருப்பவர்கள் நினைக்கலாம். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயல்கள் மனைகளாகின்றன. தரைதளத்தோடு இருந்த வீடுகள் மேலே ஒன்று, இரண்டு என்று மாடி எடுக்கின்றன. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், கோட்டைப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா பணத்தில் எழும் வீடுகளைப் பார்க்கலாம். இன்னொரு பக்கம் பழைய ஓட்டு வீடுகளும், மேற்கூரை பெயர்ந்த தொகுப்பு வீடுகளும் அப்படியே இருக்கின்றன.

பெரிய நகரம் பட்டுத் தெரிந்துகொண்டதை வளரும் நகரம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். அதற்கு முதலில், கட்டடங்கள் எப்படி விழுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

மவுலிவாக்கத்தில் நடந்தது என்ன?

கட்டடம் விழுந்ததும் கட்டுமான நிறுவனத் தரப்பு முதலில் சொன்ன காரணம், இடி விழுந்தது என்பது. அந்த வாதம் எடுபடவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் தமிழக அரசு அமைத்த விசாரணை ஆணையம், கட்டமைப்பு வடிவமைப்பிலேயே இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. தாங்க வேண்டிய எடைக்கு ஏற்ற வலு தூண்களில் இல்லை. எளிமையாகச் சொன்னால், மழை வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கட்டடம் ஒருநாள் பிரச்சினை செய்திருக்கும்.

அதே வளாகத்தில் இருந்த இரண்டாவது கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நின்றுகொண்டிருந்த கட்டடத்தையே நம்ப முடியாது என்ற நிலை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அது பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அனுமதி பெற்ற கட்டடம். 'அனுமதி இல்லாத கட்டடம்தான் விழும்' என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. வரைபடத்துக்குக் கிடைக்கும் அனுமதி, மனையில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதைப் பார்க்கிறது. தூணுக்குள் எத்தனை கம்பி போனது, கலவையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை அந்தத் தாள் பார்க்காது. அதைப் பார்க்க ஒரு ஆள் தளத்தில் நிற்க வேண்டும்.

இறந்தவர்களில் பெரும்பாலானோர் கட்டுமானத் தொழிலாளர்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். தூணின் கணக்கைப் போட்டவர்கள் அவர்கள் அல்ல.

இடிந்த கட்டடங்களில் ஏதாவது ஒற்றுமை உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் நடந்த சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும்.

2017 செப்டம்பர் 7: கோவை மாவட்டம் சோமனூரில் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து 5 பேர் பலி.

2017 அக்டோபர் 20: பொறையார் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், ஊழியர்கள் படுத்துறங்கிய பழைய கட்டடம் அதிகாலையில் இடிந்து 8 பேர் பலி.

2019 டிசம்பர் 2: மேட்டுப்பாளையம் நடூரில், கனமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மீது விழுந்து 17 பேர் பலி. விடிவதற்கு முன் நடந்தது.

2021 நவம்பர் 19: வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் பலி.

2021 டிசம்பர் 17: திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் பலி.

2024 ஜனவரி 1: புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, திருச்சி அரியமங்கலத்தில் பழைய வீட்டின் மேற்கூரை இடிந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் தூக்கத்திலேயே பலி.

இந்தப் பட்டியலில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, மாதம். பெரும்பாலானவை அக்டோபர் முதல் ஜனவரி தொடக்கம் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டியும் நடந்தவை. புதுக்கோட்டைக்கும் இதே பருவம்தான் முக்கிய மழைக்காலம்.

இரண்டு, நேரம். பொறையார், நடூர், அரியமங்கலம் மூன்றிலும் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகலாக இருந்தால் சத்தம் கேட்டு ஓடியிருக்க வாய்ப்புண்டு. இரவில் அந்த வாய்ப்பு இல்லை.

மூன்று, உயரம். மவுலிவாக்கத்தைத் தவிர மேலே சொன்ன எதுவும் வானளாவிய கட்டடம் இல்லை. ஒரு சுவர், ஒரு கூரை, ஒரு பழைய வீடு. 'பெரிய பில்டிங்தான் ஆபத்து, நம்ம வீடு சின்னதுதானே' என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

மழை சுவரை என்ன செய்கிறது?

ஒரே நாள் கனமழையிலும் பலவீனமான சுவர் விழலாம். நாலைந்து நாள் ஊறினால் ஆபத்து இன்னும் கூடும்.

பழைய வீடுகளில் கல்லையோ செங்கலையோ மண் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் அந்த மண் இளகும், பிடிமானம் போகும். மழை நின்ற பிறகும் ஆபத்து தொடர்வது இதனால்தான். வெயில் அடித்ததும் 'தப்பிச்சோம்' என்று உள்ளே போய்ப் படுப்பார்கள். ஊறிய சுவர் அதன் பிறகும் விழலாம்.

சுற்றுச்சுவர் கதை வேறு. ஒரு பக்கம் மண் மேடாக இருந்தால், மழையில் ஊறிய மண் எடை கூடிச் சுவரைத் தள்ளுகிறது. பின்னால் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து அழுத்துகிறது. தண்ணீர் வடிய அடியில் துளை விட்டிருந்தால் அழுத்தம் குறையும். ஆனால், 'அந்தப் பக்கத்துத் தண்ணி இங்க வரும்' என்று பலர் துளையே விடுவதில்லை. மனைக்கு மண் அடித்து உயர்த்திவிட்டு, ஏற்கெனவே இருந்த ஒற்றைக்கல் சுவரையே மண் தாங்கும் சுவராக மாற்றிவிடுவதும் நடக்கிறது. நிற்பதற்காகக் கட்டிய சுவர் வேறு, மண்ணைத் தாங்கக் கட்டும் சுவர் வேறு.

அடுத்தது அஸ்திவாரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் செம்மண்ணும் செம்புறாங்கல் நிலமும் அதிகம். ஆனால், ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் உள்ள மாவட்டமும் இதுதான். கண்மாய் ஓரத்திலோ, ஒருகாலத்தில் குட்டையாக இருந்து பிறகு மேவப்பட்ட இடத்திலோ மனை வாங்கியவர்களுக்கு மண் ஒரே மாதிரி இருக்காது. வீட்டின் ஒரு மூலை கெட்டியான மண்ணிலும் மறு மூலை கொட்டிய மண்ணிலும் நின்றால், மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. பக்கத்து மனைக்காரரிடமும் ஊரில் பெரியவர்களிடமும் 'இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?' என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவும் மொத்த வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கம்பிக்குள் நடப்பது நமக்குத் தெரியாது

காங்கிரீட் வீடு என்றால் நூறு வருஷம் நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. காங்கிரீட் நிற்கும். உள்ளே இருக்கும் கம்பி நிற்குமா என்பதுதான் கேள்வி.

தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் ஈரம் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது வந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளே இருந்து அது தள்ளத் தள்ள, கீழே இருக்கும் காங்கிரீட் பிளந்து பெயர்ந்து விழுகிறது. தொகுப்பு வீடுகளில் தலைக்கு மேல் கம்பி பல்லிளித்துக்கொண்டு தெரிவது இப்படித்தான்.

இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், 'கொஞ்சம் சிமெண்ட் வச்சுப் பூசிட்டாப் போதும்ங்க.' போதாது. துருவைச் சுத்தம் செய்யாமல், கசிவை நிறுத்தாமல் மேலே பூசினால், உள்ளே நடப்பது நிற்காது. கண்ணில் படுவதுதான் நிற்கும். அதாவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்த மாதிரி.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கம்பியை வேகமாகத் தின்னும். உப்பான போர் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஊற்றியே தளத்தை ஆற வைத்தால், வீடு கட்டும்போதே துருவையும் உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும். நல்ல தண்ணீர் லாரிக்கு ஆகும் பணத்தை இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

'அஸ்திவாரம் தெம்பா இருக்கு, ஒரு மாடி தாராளமா எடுக்கலாம்'

புதுக்கோட்டையில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க மேஸ்திரிகள் சொல்லும் வசனம் இது. சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால், கணக்கு என்ன சொல்கிறது?

1,000 சதுர அடிக்கு 5 அங்குல கனத்தில் தளம் போட்டால், அந்த காங்கிரீட்டின் எடை மட்டும் ஏறக்குறைய 29 டன். சுவர், பூச்சு, டைல்ஸ், கட்டில், பீரோ எல்லாம் இதற்கு மேல். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் இன்னொரு டன். தரைதளம் மட்டும் என்று நினைத்துப் போட்ட அஸ்திவாரம் இதையெல்லாம் சுமக்குமா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய வரைபடம், கம்பி விவரம், மண்ணின் தாங்குதிறன் மூன்றும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

பயன்பாட்டை மாற்றுவதும் மாடி எடுப்பது போலத்தான். குடியிருப்பு அறை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில் வடிவமைக்கப்படும். கடை, குடோன் என்றால் 400, 500 கிலோ அல்லது அதற்கும் மேல். வீட்டு மாடியை உர மூட்டை அடுக்கவோ, துணிக்கடை ஸ்டாக் வைக்கவோ வாடகைக்கு விடும்போது யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று இடிந்த சம்பூங் வணிக வளாகம் இதற்கு உலகம் அறிந்த உதாரணம். குடியிருப்பாகத் திட்டமிட்டதைக் கடையாக மாற்றினார்கள். ஐந்தாவது மாடியைச் சேர்த்தார்கள். மொட்டை மாடியில் கனமான ஏசி இயந்திரங்களை ஏற்றினார்கள். அன்று காலையிலேயே விரிசல் நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. வியாபாரத்தை நிறுத்த மனமில்லை. 502 பேர் இறந்தார்கள்.

வங்கதேசத்தின் ராணா பிளாசாவிலும் இதே கதை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசல் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வெளியே போகும் உரிமை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

புது வீட்டில் தப்பு எங்கே நடக்கிறது?

பழைய வீட்டுக்கு வயது காரணம். புது வீட்டுக்கு அவசரம் காரணம்.

தண்ணீர்: கலவை இளக்கமாக இருந்தால் வேலை சுலபம். அதனால் கூடுதலாக ஒரு குடம் ஊற்றுவார்கள். ஊற்றிய ஒவ்வொரு குடமும் காங்கிரீட்டின் வலுவைக் குறைக்கிறது.

மணல்: ஆற்று மணல் கிடைக்காததால் எம்-சாண்டுக்கு மாறியாகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்கினால் கலவை பிடிக்காது. கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த மாவட்டத்தில் இருப்பவர்கள், லோடு இறங்கும்போதே கையில் அள்ளிப் பார்க்கவும் பில் கேட்கவும் பழக வேண்டும்.

நீராற்றல்: இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பிபிசி வகை சிமெண்ட். இந்தியத் தர நிர்ணய விதிப்படி இதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். 14 நாள் வைத்தால் நல்லது. மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம்.

சென்ட்ரிங்: நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் எடுக்கக் கூடாது. பீம்களுக்கு 14 முதல் 21 நாள். 'அடுத்த வேலைக்குப் பலகை வேணும்' என்று முன்கூட்டியே பிரிப்பது, கட்டும்போதே நடக்கும் பல விபத்துகளுக்குக் காரணம். அப்போது கீழே நிற்பவர் கொத்தனாரும் சித்தாளும்தான்.

இங்கே புதுக்கோட்டைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். வீட்டில் அம்மாவோ மனைவியோ மட்டும். வேலை வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கும். டைல்ஸ் நிறமும் கேட் டிசைனும் வீடியோவில் தெரியும். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்தார்களா, தூணுக்கு எத்தனை ரிங் கட்டினார்கள் என்பது, காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அந்த அரை நாளில் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கொட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

சரி, யார்தான் பார்க்க வேண்டும்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி, கட்டமைப்புப் பொறியாளர், பணிநிறைவுச் சான்றிதழ் என்று படிப்படியான சரிபார்ப்பு இருக்கிறது. அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், கட்டிக்கொடுத்தவரே கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

தனி வீடுகள் கதை வேறு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை தரைதளம் அல்லது தரைதளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பணிநிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், இடைத்தரகர் வேண்டாம் என்ற வகையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய நிம்மதி. அதை மறுக்க முடியாது.

ஆனால், புதுக்கோட்டையில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் வரும். அதாவது, தொடக்கத்திலும் முடிவிலும் வெளியில் இருந்து ஒருவர் வந்து பார்க்கும் கட்டாயம் இல்லாத வீடுகள். பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில். அந்த உரிமையாளரில் பலர் வேறு நாட்டில். இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, ஏதாவது நடந்த பிறகு 'விதிமீறல்' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

பழைய வீடுகளுக்கோ இந்த அளவு கவனம்கூட இல்லை. 2021-இல் திருநெல்வேலி சம்பவத்துக்குப் பிறகு, பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. 2001-க்கு முன் கட்டப்பட்ட ஊரக அரசு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்லவை. ஆனால் கடைவீதியில் நிற்கும் பழைய மாடிக் கட்டடம், வாடகைக்கு விட்ட ஓட்டு வீடு, அடுத்தவர் மனையின் சுற்றுச்சுவர் இவற்றை யார் பார்ப்பது? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடுகள் எல்லா வீட்டிலும் வரும். கவனிக்க வேண்டியவை இவை:

* கதவு, ஜன்னல் மூலைகளில் இருந்து சாய்வாக ஓடும், ஒரு நாணயம் நுழையும் அளவு அகலமான விரிசல்.

* தூணிலோ பீமிலோ வரும் எந்த விரிசலும். சுவரில் வருவதைவிட இது முக்கியம்.

* நேற்று வரை சரியாக மூடிய கதவு திடீரென்று இடிப்பது.

* கூரையில் பழுப்பு நிறத் துருக்கறை, தட்டினால் பொள்ளல் சத்தம், கம்பி தெரிவது.

* சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சாய்வது, வயிறு போலப் புடைப்பது.

சின்ன விரிசல் என்று தோன்றினால், அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. மேஸ்திரியை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

விரிசல் மணிக்கணக்கில் வளர்ந்தால், சடசடவென்று சத்தம் கேட்டால், தூணில் காங்கிரீட் பெயர்ந்தால், பொருட்களை எடுக்கப் போகாமல் எல்லோரும் வெளியேற வேண்டும். பக்கத்து வீட்டையும் எழுப்ப வேண்டும். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, தீயணைப்புத் துறைக்கு 101, பொது அவசர எண் 112.

பக்கத்து வீட்டுச் சுவர் ஆபத்தாக இருந்தால்?

'அவங்க வீட்டு விஷயம், நாம சொன்னா சண்டை வரும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சண்டை இல்லாமல் செய்ய ஒரு சட்ட வழி இருக்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்தையோ சுவரையோ சரிசெய்ய அல்லது அகற்ற உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவர்களுக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவாக இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. போட்டோவோடு ஒரு மனு அங்கே போதும். நகரத்துக்குள் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரிடமும் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குவது அவசியம்.

மாநகராட்சி இப்போதே செய்ய வேண்டியது

மாநகராட்சி என்ற பெயர்ப்பலகை வந்துவிட்டது. அதோடு வர வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலாவது, ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், ஆபத்தான கட்டடங்கள் மற்றும் சுற்றுச்சுவர்களின் வார்டு வாரியான பட்டியலை வெளியிட வேண்டும். நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருவதோடு முடியக் கூடாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் மாற்று இடம் தர வேண்டும். போக இடம் இல்லாதவர் நோட்டீஸைப் படித்துவிட்டும் அதே கூரையின் கீழ்தான் படுப்பார்.

இரண்டாவது, சுயசான்றில் கட்டும் வீடுகளுக்கு, அஸ்திவாரம், தூண் கம்பி, தளக் கம்பி என மூன்று கட்டங்களில், காங்கிரீட் கொட்டும் முன் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, தேதியிட்ட படத்தைப் பதிவேற்றும் முறை வேண்டும். இதற்குப் புது அலுவலகம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் இணையதளத்தில் மூன்று பொத்தான்கள் போதும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்கும் இதுதான் உண்மையான பாதுகாப்பு.

மூன்றாவது, விரிசலைப் பற்றிப் புகார் சொல்ல ஒரே எண், 24 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க ஒரு பொறியாளர். வாடகைக்கு இருப்பவரும் வேலை செய்பவரும் புகார் கொடுக்கலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஏனென்றால் விரிசலை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

திருவொற்றியூரில் 24 குடும்பங்கள் வீட்டையும் பொருட்களையும் இழந்தன. அது சிறிய இழப்பு அல்ல. ஆனால் மறுநாள் அதைப் பற்றிப் பேச அவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது சட்டமோ ஆய்வோ அல்ல, குடியிருந்தவர்களே பார்த்த ஒரு விரிசல். அடுத்த முறையும் யாராவது தற்செயலாகப் பார்ப்பார்கள் என்று ஒரு நகரம் நம்பிக்கொண்டு இருக்க முடியாது. பார்ப்பதற்கென்றே ஆட்கள் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் வருகிறது. அதற்குள் அந்த ஆட்களை நியமிப்பது மாநகராட்சியின் கையில் இருக்கிறது.